முந்துகிற கை

1

வியாழக்கிழமை ஒத்திகைக்கு வந்திருந்தவர்கள்:

மிஸ் ஹெலன். முதல் வயலின். இங்கே பறங்கியர் என்று சொல்கிற கலப்புக் குடும்பம். பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் சங்கீத டீச்சர். எங்கள் கூட்டத்துக்கு அவர்தான் தலைவி. ஒத்திகை நடப்பதும் அவர் வீட்டு முன்கூடத்தில்தான்.

பெரேரா. இரண்டாம் வயலின். சிங்களப் பிள்ளை, முப்பது வயது இருக்கும். தபால் கந்தோரில் வேலை. கந்தோர் என்றால் இங்கே ஆபீஸ். புதிய வாத்தியப் பாட்டை எழுதியவர் இவர்.

செல்லத்துரை. வயோலா. அது வயலினுக்கு அண்ணன், குரல் கொஞ்சம் தடிப்பு. ஆள் யாழ்ப்பாணம். துறைமுகக் கந்தோரில் கிளார்க்கு. மிஸ் ஹெலன் பேசுவதை எனக்குத் தமிழில் சொல்கிறவர் இவர்தான்.

பல் டாக்டர். செல்லோ. அதிகம் பேசமாட்டார். வாயைத் திறக்கச் சொல்லியே பழகியவர்.

நான். சூசை. பெரிய பேஸ். வயலின் மாதிரிதான் இருக்கும், ஆனால் என்னைவிட உயரம். நின்றுகொண்டு, கட்டிப்பிடித்து வாசிக்க வேண்டும்.

பூனை ஒன்று. டாக்டரின் செல்லோப் பெட்டி திறந்திருந்தால் அதற்குள் படுத்துக்கொள்ளும்.

நாங்கள் வாசிப்பதில் பழசு பாதி, புதுசு பாதி. அது மிஸ் ஹெலனின் சட்டம். பழசு என்றால் இருநூறு முந்நூறு வருஷத்துக்கு முன்னால் செத்துப்போன வெள்ளைக்காரர்கள் எழுதியது. புதுசு என்றால் மை காயாதது. பழசு முடிந்ததும் கொஞ்சம் பேர் எழுந்து போய்விடுவார்கள். புதுசு வாசிக்கும்போது எங்களுக்கே சில நேரம் எழுந்து போகலாமா என்றிருக்கும். ஆனால் பெரேராவின் பாட்டு அப்படி இல்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

அதன் நடுவில் ஓர் இடம் வருகிறது. ஐந்து பேரும் ஒரே நேரத்தில் தந்தியிலிருந்து வில்லை எடுத்துவிட வேண்டும். அப்புறம் சத்தமே இல்லை. எவ்வளவு நேரம் என்று காகிதத்தில் எண் போடவில்லை. ஒரு வளைவு போட்டு அதன் கீழே ஒரு புள்ளி வைத்திருக்கிறார். மிஸ் ஹெலன் எப்போது வயலின்மேல் பதித்த நாடியைத் தூக்குகிறாரோ அப்போது நான் மட்டும், ஆகத் தடித்த தந்தியில், மெதுவாக ஆரம்பிக்க வேண்டும். மற்ற நாலு பேரும் அதன்மேல் ஏறி வருவார்கள்.

அவர் நாடியைத் தூக்குவதற்கு முன்னாலேயே நான் ஆரம்பித்துவிட்டேன். அன்றைக்கு மட்டும் மூன்று தடவை. அதற்கு முந்தின வியாழன்களிலும் அப்படித்தான். பதினொன்றோ பன்னிரண்டோ எண்ணுவதற்குள் கை போய்விடும்.

மிஸ் ஹெலன் வில்லை மடியில் வைத்தார். இங்கிலீஷில் என்னவோ சொன்னார்.

“சூசை, அவ நாடியைத் தூக்குமட்டும் நீர் அசையப்படாதாம்” என்றார் செல்லத்துரை. “விளங்குதோ?”

“வெளங்குது.”

“விளங்கினால் பிறகேன் ஆடுறீர்?”

“நான் ஆடல. கை ஆடுது.”

“கை ஆற்றை கை? டாக்டற்றையோ?”

யாருடைய கை என்று கேட்கிறார். டாக்டர்கூடச் சிரித்தார். பெரேரா சிரிக்கவில்லை. அவர் காகிதத்தில் அந்த வளைவைத் தடவிக்கொண்டிருந்தார். அந்த இடத்துக்காகத்தான் மிச்சம் எல்லாவற்றையும் எழுதினேன் என்று சிங்களத்தில் சொன்னார். எனக்கு அந்த அளவுக்குச் சிங்களம் விளங்கும்.

மிஸ் ஹெலன் மறுபடி பேசினார். செல்லத்துரை இந்தத் தடவை பகிடி இல்லாமல் சொன்னார். கச்சேரிக்கு இரண்டு வாரம் இருக்கிறது. அடுத்த வியாழக்கிழமையும் நான் முந்தினால், ஒரு பேண்டில் பேஸ் வாசிக்கிற படித்த ஆள் ஒருவர் இருக்கிறாராம், அவரைக் கூப்பிட்டுவிடுவார். அந்தப் பாட்டுக்கு மட்டுமில்லை. இனிமேலைக்கும்.

சரி என்றேன்.

2

கொழும்புத் துறைமுகக் கிட்டங்கியில் நான் மூட்டை தூக்கினேன், இப்போது மூட்டை எண்ணுகிறேன். அங்கே எனக்கு நம்பர்தான் பெயர். நம்பர் சொல்லிக் கூப்பிட்டால் ஓடிப்போய் நிற்பேன். அதில் குறை ஒன்றும் இல்லை. கூலி சரியாக வருகிறது.

பேஸுக்கு நான் போகவில்லை, அதுதான் என்னிடம் வந்தது. இங்கே வந்த புதிதில் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிற கோயிலில் ஒரு பெரிய பேஸ் மூலையில் சாத்தியிருந்தது. அதன் தந்தியை அழுத்த யார் விரலும் தாங்கவில்லை. தோல் கிழிந்துவிடும். ஒருநாள் தூசி தட்டப் போனவன் சும்மா அழுத்திப் பார்த்தேன். என் விரலுக்கு அது ஒன்றுமே இல்லை. கயிறு பிடித்துக் காய்த்த கை. பாட்டுக்காரர்கள் என்னை அங்கேயே நிறுத்திவிட்டார்கள். வில்லுக்குத் தேய்க்கிற பிசினை முகர்ந்தபோது தோணிக்குப் பூசுகிற குங்கிலிய வாசம் வந்தது. சரி, நிற்கலாம் என்று தோன்றியது.

மிஸ் ஹெலன் அந்தக் கோயிலில்தான் என்னைப் பார்த்தார். எனக்குத் தமிழ் மூன்றாம் வகுப்பு. அந்தப் புள்ளி, கோடுகளை வாசிக்க இரண்டு வருஷம் ஆனது. இன்னும் மெதுவாகத்தான் வாசிக்கிறேன். ஆனால் பழைய பாட்டுகளில் பேஸுக்கு வேலை நடை மாதிரி. ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு என்று கடைசிவரை போய்க்கொண்டே இருக்கலாம். நிற்க வேண்டாம். காத்திருக்க வேண்டாம். ஆறு வருஷமாக அதில் நான் ஒரு தப்பும் பண்ணவில்லை.

வீட்டில் என் பெண்டாட்டி திரேசா, “கஷ்டமா இருந்தா விட்டுருங்க. வியாழக்கெழம வீட்டுல இருந்தா புள்ளைகளையாவது அதட்டலாம்” என்றாள்.

பிள்ளைகள் இரண்டு பேர். அதட்டினால் சிங்களத்தில் பதில் சொல்வார்கள். மூத்தவள் செலினுக்குப் பன்னிரண்டு வயது. தூத்துக்குடியை அவள் “ஒங்க ஊர்” என்பாள். “நம்ம ஊர்” என்று நான் ஒருமுறை திருத்தினேன். “நான் பார்த்ததே இல்லையே” என்றாள். நான்தான் கூட்டிப் போகவில்லை.

பதினோரு வருஷமாக நான் ஊருக்குப் போகவில்லை. லீவு இல்லை என்று எழுதுவேன். பெர்மிட் கிடைக்கவில்லை என்று எழுதுவேன். நான் பெர்மிட்டுக்கு எழுதிப் போட்டதே இல்லை.

3

ஊரில் இதை வாசிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு இது தெரிந்த விஷயம். ஆனால் இப்போது நம் தெருப் பிள்ளைகள் கடலைக் கரையிலிருந்துதான் பார்க்கிறார்கள் என்று கேள்வி. அதனால் சொல்கிறேன்.

முத்துக் குளிப்பு எப்போதோ ஒரு தடவை நடக்கும். சங்கு குளிப்பு வருஷா வருஷம் உண்டு. குளிக்கிறவன் கல்லில் காலை ஊன்றிக்கொண்டு இறங்குவான். மேலே தோணியில் ஒருவன் கயிறு பிடித்து நிற்பான். கீழே இருக்கிறவன் கயிற்றைச் சுண்டினால் இழுக்க வேண்டும். சுண்டாவிட்டாலும், மூச்சு முடிகிற கணக்கு வந்தால் இழுத்துவிட வேண்டும். முந்தி இழுத்தால் இரண்டு சங்கு குறையும். பிந்தி இழுத்தால் ஆள் குறைவான்.

அதனால் கயிறு பிடிக்கிறவன் குளிக்கிறவனுக்கு மச்சினனாக இருக்க வேண்டும். பெண்டாட்டியோடு கூடப் பிறந்தவன். தன் சகோதரி தாலியை எவனும் கை தவற விடமாட்டான்.

என் அக்காள் லூர்தம்மாளைப் புன்னைக்காயலில் கட்டிக் கொடுத்தோம். அத்தான் பெயர் மிக்கேல். தூத்துக்குடிக்கு வந்து சங்கு குளித்தார். நான் மூன்று வருஷம் அவருக்குக் கயிறு பிடித்தேன்.

நான் முந்தி இழுக்கிறவன். எப்போதும் அப்படித்தான். அத்தான் மேலே வந்ததும் தண்ணீரைத் துப்புவதற்கு முன்னால் என்னைத்தான் வைவார்.

“ஏலே சூச! கையில எடுத்த சங்க மடியில போடக்கூட வுடமாட்டியா? நான் என்ன வாளியா, தொபுக்குன்னு எறக்கி வெடுக்குன்னு தூக்க?”

“ஒங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா எங்கக்கா என்னய வெட்டிருவா.”

“ஒங்கக்காளுக்கு வெறும் மடிய காட்டுனா என்னய வெட்டுவாலே!”

தோணியில் இருக்கிற எல்லாரும் சிரிப்பார்கள். ஒருநாள் காலையில் அவர் நிஜமாகவே கோபப்பட்டார். இந்தப் பயல் பிடிக்கிறதுக்கு ஒரு பொம்பளையைப் பிடிக்கச் சொல்லலாம் என்றார். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. எனக்குச் சுருக்கென்று இருந்தது. சரி, இனி அவர் சுண்டாமல் இழுக்க மாட்டேன் என்று வைராக்கியமாக நின்றேன். அடுத்த இறக்கத்தில் எண்ணினேன். வழக்கமாக இழுக்கிற கணக்கு வந்தது. இழுக்கவில்லை. தாண்டியது. கயிறு சுண்டவில்லை. அப்புறம் பயந்துபோய் இழுத்தேன்.

கயிறு லேசாக வந்தது. ஆள் இல்லை.

எவ்வளவு நேரம் கழித்தென்று தெரியாது. தோணிக்கு அந்தப் பக்கம் அத்தான் மேலே வந்தார். மூக்கிலும் காதிலும் ரத்தம். தூக்கிப் போட்டார்கள். கண் திறந்ததும் என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார், ஒன்றுமில்லை என்று. வலது காது அன்றைக்கே போய்விட்டது. அதற்கப்புறம் அவர் குளிக்க இறங்கவில்லை. புன்னைக்காயலில் வலை பின்னுகிறார், வலை வீசுகிறார்.

நான் பிந்தினேன் என்று யாரும் சொல்லவில்லை. அக்காள் எனக்கு அன்றைக்கும் சோறு போட்டாள். அதைத்தான் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் இருந்திருப்பேன். இருபது நாளில் தோணியில் போய், தூரத்தில் நின்ற கப்பலில் ஏறிவிட்டேன். திரேசாவும் கைப்பிள்ளை செலினும் அப்புறம் வந்தார்கள்.

அன்றையிலிருந்து கையில் எதையாவது பிடித்துக்கொண்டு சும்மா நிற்கச் சொன்னால் என்னால் ஆகாது. கீழே யாரோ இருக்கிற மாதிரி இருக்கும்.

4

மிஸ் ஹெலன் தவணை சொன்ன மூன்றாம் நாள் அத்தான் வந்து இறங்கினார்.

அவர் மகள் எஸ்தருக்கு ஆறு மாதத்தில் கல்யாணம். தாய்மாமனை நேரில் வந்து அழைக்க வேண்டும். கடுதாசி போட்டால் போதும் என்று நான் எழுதியிருந்தேன். அதற்குள் அவர் புறப்பட்டுவிட்டார். புறப்படுவது சும்மா இல்லை. பெர்மிட்டுக்கு நாலு மாதம் நடந்திருக்கிறார். விண்ணப்பப் பாரத்தில் என்ன காரியமாகப் போகிறாய் என்று ஒரு கேள்வி. மச்சினனைப் பார்க்க என்று எழுதச் சொன்னாராம். அது காரியம் இல்லை என்று கிளார்க்கு சொன்னாராம். “எங்க ஊர்ல அதவிடப் பெரிய காரியம் கெடையாது சார்” என்று இவர் சொல்ல, கிளார்க்கு கடைசியில் கல்யாணம் என்று போட்டுக்கொண்டார். அப்புறம் இன்னொரு கந்தோரில், கல்யாணம் உனக்கா என்று கேட்டார்களாம். மண்டபம் முகாமில் நிறுத்தி ஊசி போட்டார்கள். தனுஷ்கோடியிலிருந்து கப்பல், அப்புறம் ரயில். கொழும்பில் கருப்பட்டிச் சிப்பத்தை உடைத்து உள்ளே என்ன என்று பார்த்தார்கள்.

“கருப்பட்டிக்குள்ளயும் கருப்பட்டிதாம்யா இருக்கும்னு சொன்னேன். கேக்கல” என்றார் அத்தான். “நாலஞ்ச ஒடச்சுப் பாத்துட்டு, ஒரு துண்ட வாயிலயும் போட்டுக்கிட்டான்.”

தலை நரைத்திருந்தது. நம் பேச்சைக் கேட்க இடது பக்கமாகத் தலையைச் சாய்க்கிறார். எனக்கு அதைப் பார்க்க முடியவில்லை. அவரோ வீட்டையே சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார். திரேசா என்னவோ கேட்டதற்கு நான் “ஹரி, ஹரி” என்றேன். சிங்களத்தில் சரி என்று அர்த்தம். எனக்கே தெரியாமல் வந்துவிடும்.

அத்தான் கையிலிருந்த காப்பியைக் கீழே வைத்தார். “ஏளா திரேசு, இவன் எப்பளா பெருமாள் கோயிலுக்குப் போக ஆரம்பிச்சான்? சாமியார் கிட்டச் சொல்லட்டுமா?”

செலின் சிரித்த சிரிப்பில் புரையேறியது. அவளுக்கு அவரைப் பிடித்துவிட்டது. அவர் சொல்லுதான், வாரான் என்று பேசுவதை அவர் முன்னாலேயே பேசிக் காட்டினாள். அவர் கோபப்படவில்லை. தப்பாகச் சொன்ன இடங்களில் திருத்தினார்.

கல்யாணத்துக்கு வருவேன் என்று நான் சொல்லவில்லை. பார்க்கலாம் என்றேன்.

“ஒங்கக்கா சொல்லித்தான் அனுப்புனா. அவன் பாக்கலாம்னு சொன்னா வரமாட்டான்னு அர்த்தம்னு.”

5

அடுத்த வியாழன் அவரையும் ஒத்திகைக்குக் கூட்டிப் போனேன். வீட்டில் விட்டுவிட்டுப் போக முடியவில்லை, வந்தே தீருவேன் என்றார். வாசல் பக்கம் ஒரு நாற்காலி போட்டு, இடது காது எங்கள் பக்கம் இருக்கும்படி திரும்பி உட்கார்ந்தார். பூனை போய் அவர் மடியில் ஏறியது. மீன்காரன் என்று அதற்குத் தெரிந்திருக்கும்.

பழைய பாட்டுக்குத் தலையை ஆட்டினார். அப்புறம் பெரேராவின் பாட்டு. அந்த இடம் வந்தது. ஐந்து பேரும் வில்லை எடுத்தோம். மிஸ் ஹெலனின் நாடியையே பார்த்தேன். வேறு எதையும் பார்க்கவில்லை. எண்ணினேன். நில், நில் என்று கைக்குச் சொன்னேன். பன்னிரண்டில் கை போய்விட்டது.

வாசல் பக்கமிருந்து ஒரு சிரிப்பு. அத்தான் விழுந்து விழுந்து சிரிக்கிறார். பூனை குதித்து ஓடியது.

“என்னவாம் இவருக்கு?” என்று கேட்டார் செல்லத்துரை.

“எய்யா, அது பாட்டு இல்ல. அது கயிறு!” என்றார் அத்தான். “மூணு வருசம் என்னய இப்படித்தான் வெடுக்கு வெடுக்குன்னு இழுத்தான். அதே தோளு, அதே முழங்கை! இந்தப் பெட்டிக்குள்ள எவன எறக்கி வுட்டுருக்க மாப்ள?”

செல்லத்துரை அதை இங்கிலீஷில் சொல்ல முயற்சி செய்தார். சங்கு, கயிறு, மச்சினன் எல்லாம் சொல்லிவர நேரமாயிற்று. பெரேரா கவனமாகக் கேட்டார். மிஸ் ஹெலன் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார். இரக்கமாகத்தான் பார்த்தார். பிறகு மெதுவாகப் பேசினார்.

“நாளைக்குப் பின்னேரம் அந்தப் பேண்டு ஆளுக்குக் கடிதம் போடுறாவாம்” என்றார் செல்லத்துரை. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. “உம்மிலை கோபம் ஒண்டும் இல்லையாம்.”

சரி என்றேன். பேஸை உறையில் போட்டுச் சுவரில் சாத்தினேன். வியாழக்கிழமை என்று ஒன்று இனி இல்லை என்று நினைத்துக்கொண்டேன். வாரத்தில் அந்த ஒரு சாயங்காலம்தான் என்னைச் சூசை என்று கூப்பிடுவார்கள்.

டிராமில் ஏறினோம். அத்தான் ஜன்னல் பக்கம். இன்னும் சிரிப்பு அடங்கவில்லை அவருக்கு. எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது. சொல்லிவிட்டேன்.

“அன்னைக்கு நான் பிந்திட்டேன் அத்தான்.”

“என்ன?”

நான் அவருக்கு வலது பக்கம் உட்கார்ந்திருந்தேன். போன காது.

“அன்னைக்குப் பிந்திட்டேன்னு சொன்னேன்.”

“எதுக்குப் பிந்திட்ட? இன்னும் வெளிச்சம் இருக்குல்லா. சோறு ஆறிராது.”

முன் சீட்டு அம்மாள் திரும்பிப் பார்த்தார். பதினோரு வருஷம் வாயைத் திறக்காத விஷயம். அதை நான் கொழும்பு டிராமில் நின்று கத்தினேன்.

“கயிறு! ஒங்க காது போன அன்னைக்கு! நான் பிந்தி இழுத்தேன்! அதச் சொல்லுதேன்!”

அத்தான் சிரிப்பை நிறுத்தினார். டிராம் இரண்டு நிறுத்தம் தாண்டியது. நான் நின்றபடியே வந்தேன்.

“இரி” என்றார். “இங்கன வா. இந்தப் பக்கம் இரி.”

ஜன்னல் பக்கம் நகர்ந்து போய் உட்கார்ந்தேன்.

“நீ பிந்தலலே சூச. நான் கயித்த வுட்டுட்டேன்.”

“வுட்டுட்டியளா?”

“கல்லுக்கு அங்கன ஒரு சங்கு கெடந்துச்சு. பாதி மணலுக்குள்ள. வலம்புரி மாதிரி தெரிஞ்சுச்சு.”

வலம்புரியைப் பற்றி நம் ஊரில் சொல்ல வேண்டியதில்லை. லட்சம் சங்கெடுத்தாலும் ஒன்று கிடைக்காது என்பார்கள். கிடைத்தவன் வீடு கட்டுவான். ஆனால் கிடைத்தால் சர்க்காரிடம் கொடுக்க வேண்டும்.

“கயிறு அங்கன வரைக்கும் எட்டல. வுட்டுட்டு நீந்திப் போனேன். மடியில ஒளிச்சு வச்சிரலாம்னு நெனப்பு. பாதிதான் தெரிஞ்சுச்சு, மிச்சத்த நானே பாத்துக்கிட்டேன். தோண்டி எடுத்துத் திருப்புனா எடம்புரி. சாதாச் சங்கு. திரும்பிப் பாக்கேன், கயிறு மேல போயிக்கிட்டு இருக்கு.”

“அப்ப நான் இழுத்தது?”

“அன்னைக்கும் நீ முந்தித்தாம்லே இழுத்த!” அத்தான் தொடையில் தட்டினார். “அப்பவும் எனக்கு மூச்சு இருந்துச்சு. அந்த எளவுச் சங்கத் தூக்கிப் போட மனசில்லாம கையில வச்சுக்கிட்டே மேல வந்தேன் பாரு, அதுலதான் காது போச்சு.”

“ஏன் சொல்லல?”

“என்னத்தச் சொல்ல? ஒங்கக்கா கிட்டப் போயி, ஒந்தம்பி புடிச்ச கயித்த நம்பாம வுட்டேன், அதுவும் திருடப் போனேன்னு சொல்லவா? சோறு போடுவாளா? நீ கொழும்புக்குப் போனது சம்பாத்தியத்துக்குன்னுல்லா நெனச்சேன். இதுக்காலே போன?”

நான் அத்தானை வைதேன். என் ஆயுசில் முதல் தடவை. என்ன வைதேன் என்று எழுத முடியாது, இதைச் சாமியாரும் வாசிப்பார். அவர் தலையைக் குனிந்து, நல்ல காதைக் காட்டி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். இறங்க வேண்டிய நிறுத்தம் எப்போதோ போய்விட்டது. கடைசி நிறுத்தத்தில் இறக்கிவிட்டார்கள். வீடுவரை நடந்தோம். வழியில் ஒரு கடையில் ஆளுக்கு இரண்டு வடை தின்றோம். நன்றாகப் பசித்தது.

6

மறுநாள் கிட்டங்கியில் மத்தியானம் லீவு கேட்டு மிஸ் ஹெலன் வீட்டுக்குப் போனேன். செல்லத்துரை இல்லை. நானும் அவரும் மட்டும். எனக்குத் தெரிந்த இங்கிலீஷும் சிங்களமும் சேர்த்துப் பேச வேண்டும். பியானோவின்மேல் கடிதம் இருந்தது. உறையில் ஸ்டாம்பு ஒட்டியாயிற்று.

அவரிடம் நான் ஆறு வருஷத்தில் எதையும் கேட்டதில்லை.

“இன்னொரு தடவை வேண்டும்” என்றேன்.

“நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன மாறிவிட்டது?” என்று கேட்டார்.

வலம்புரி, இடம்புரியை எல்லாம் நான் எந்தப் பாஷையில் சொல்ல. “கீழே ஆள் இல்லை” என்றேன். “பயம் இல்லை. கை நிற்கும்.”

நேற்றுச் செல்லத்துரை சொன்ன கயிற்றுக் கதையில் அவருக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது. என் கைகளைப் பார்த்தார். இப்போது வாசித்துக் காட்டு என்று சொல்வார் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

“கச்சேரியில் நிறுத்திவிட்டு மறுபடி ஆரம்பிக்க முடியாது, சூசை.”

“தெரியும்.”

“பெரேரா இதை ஒரு வருஷம் எழுதினார்.”

“தெரியும்.”

கடிதத்தை எடுத்து மேசைக்குள் வைத்து மூடினார்.

அடுத்த வியாழன் ஒத்திகையில் மிஸ் ஹெலன் அந்த இடத்தைத் தொடாமல் தாண்டிப் போனார். சனிக்கிழமை சாயங்காலம் கச்சேரி. பெண்கள் பள்ளிக்கூட மண்டபம். அத்தான் மறுநாள் ரயில் ஏற வேண்டும். திரேசா வந்தாள். என் பிள்ளைகள் இதற்கு முன் ஒரு தடவைகூட வந்ததில்லை. அத்தான் இருவரையும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். முன்வரிசையில் ஆக வலது ஓரத்தில் உட்கார்ந்துகொண்டார், இடது காதுக்குத் தோதாக. பக்கத்தில் செலின். இருவரும் என்னவோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

காலையில் பெர்மிட்டுக்கு எழுதிப் போட்டிருந்தேன். நாலு பேருக்கும். என்ன காரியமாகப் போகிறாய் என்கிற இடத்தில், அக்காள் மகள் கல்யாணம் என்று செல்லத்துரை எழுதிக் கொடுத்தார். செலின் பாரத்தை வாங்கிப் பார்த்தாள். சொந்த ஊர் என்கிற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். தூத்துக்குடி என்றேன். அவளுக்கும் அதைத்தானே எழுதியிருக்கிறது என்று கேட்டாள். ஆமாம் என்றேன். பாரத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

பழசு மூன்று வாசித்தோம். கை தட்டினார்கள். நான் எண்ணியதைவிடக் குறைவான பேர்தான் எழுந்து போனார்கள். மிஸ் ஹெலன் தந்தியைச் சரிசெய்தார். பெரேராவுக்கு நெற்றியெல்லாம் வேர்வை. துடைக்க நேரமில்லாமல் வயலினைத் தூக்கிவிட்டார்.

புதுசு ஆரம்பித்தது. அந்த இடத்துக்கு முந்தின பக்கத்தில் டாக்டர் என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பல் பிடுங்குகிறவனைப் பார்க்கிற பார்வை.

ஐந்து பேரும் வில்லை எடுத்தோம்.

எண்ணத் தொடங்கினேன். எண்ணாமல் எனக்கு நிற்கத் தெரியாது. ஐந்தில் யாரோ இருமினார்கள். எட்டில் மண்டபத்து மின்விசிறிச் சத்தம் கேட்டது. பதினொன்று. பன்னிரண்டு. கை தந்திக்கு மேலே இருந்தது. அது என் கைதான். பதின்மூன்று. பதினைந்தில் வெளியே டிராம் மணி அடித்துப் போனது. செல்லத்துரை மூச்சை விடுவது கேட்டது. இருபது. ஒத்திகையில் என் கை ஒருநாளும் இவ்வளவு தூரம் வரவிட்டதில்லை. மிஸ் ஹெலன் இன்னும் நாடியைத் தூக்கவில்லை. கண்ணை மூடியிருந்தார். பெரேராவும் மூடியிருந்தார். இருபத்தைந்தில் சபையில் ஒரு சத்தமும் இல்லை. முன்வரிசையில் அத்தான் நல்ல காதை எங்கள் பக்கம் கொடுத்து, வாயை லேசாகத் திறந்து, அசையாமல் இருந்தார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இன்னும் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம் போல இருந்தது.

மிஸ் ஹெலன் நாடியைத் தூக்கினார்.

முப்பத்தொன்று.